ஏழாவது வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கணவரின் வேலைக்காக ஆறு வருடத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட் வந்தோம். எனக்கு வயது 41. போன வருடக் கடைசியில் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ முடிந்து, ஏழு வாரத்துக்கு முன் ஒரே ஆபரேஷனில் மார்பை எடுத்துவிட்டு, என் வயிற்றுச் சதையை வைத்தே புது மார்பு செய்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு "பியூட்டிஃபுல்" என்கிறார். எனக்கோ தொட்டால் யார் உடம்பையோ தொடுகிற மாதிரி இருக்கிறது.

என் அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். "எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சிட்டே, இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்கிறார்கள். கணவர் நல்ல மனிதர். ஆனால் நான் உடை மாற்றும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இங்குள்ள நர்ஸ் சப்போர்ட் குரூப்புக்குப் போகச் சொல்கிறார். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் போய் அழுவதால் என்ன ஆகப்போகிறது? அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள். எனக்கு வலி என்றால் தமிழில்தான் வருகிறது.

இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு கல்யாணம். ரவிக்கையை எப்படித் தைப்பது?

ம.

அன்புள்ள ம.,

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

ஏழாவது வாரம் என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் ஆறு வாரம் நமக்கு வேலை இருக்கும். காயத்திலிருந்து குழாய் வழியே நீர் வடியும் டிரெயின் பாட்டிலில் எத்தனை மில்லி என்று அளக்க வேண்டும், தையலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கூனிக்கூனி நடந்து நாளுக்குக் கொஞ்சமாக நிமிர வேண்டும். வருகிறவர்கள் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவார்கள். கெட்டிலைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். அப்புறம் டாக்டர் "இனி வழக்கம் போல இருக்கலாம்" என்பார். வீட்டில் எல்லோரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடி முன்னால் நாமும் அதுவுமாகத் தனியாக நிற்போம். நான் 2022ல் அப்படி நின்றேன், டர்பனில், ஜூலைக் குளிரில். (டர்பன் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று உங்கள் பக்கத்தில் சிரிப்பீர்கள். இருக்கட்டும்.)

ஒரு கதை சொல்கிறேன். வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் நீட்டிப் படுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். என் கணவர் ஒரு சாய்வு நாற்காலியை வாடகைக்குக் கொண்டுவந்தார், மின்சாரத்தில் ஏறி இறங்குவது. 2022ல் லோட்ஷெட்டிங் மின்வெட்டு என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி நன்றாகச் சாய்ந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. எழுந்திருக்க வயிற்றில் தெம்பில்லை, கையை ஊன்றக் கூடாது, பாத்ரூம் போயே ஆக வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என் கணவர் என்னைப் பக்கவாட்டில் உருட்டி எடுத்தார். பாட்டில் ஒன்று நாற்காலிக் கையில் மாட்டிக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இதைக் கேட்டவர்களெல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள். ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "உனக்கு அந்தச் சேர் வேண்டாம், சுவரோரம் கட்டில், நாலு தலகாணி, போதும்" என்றார்.

அவர் இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எழுபது வயது ஆன்ட்டி. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி. அவருக்குத் தமிழ் என்றால் தேவாரமும் சமையலறையும்தான், மற்றதெல்லாம் ஆங்கிலம். தேவாரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார். எனக்கு ஒன்பது வருடம் முன்னால் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர். நர்ஸ் சொல்லி என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் முன்பக்கம் இரண்டு பெரிய பை வைத்துத் தைத்த ஏப்ரன் ஒன்று. டிரெயின் பாட்டில்களை அதில் போட்டுக்கொண்டு நடக்கலாமாம். நான் அதுவரை உள்பாவாடை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

என் கணவரை டீ போட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பாக்கிறியா?" என்று கேட்டார். நான் தலையாட்டியதும் சட்டைப் பித்தான்களைக் கழற்றினார்.

இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு கோடு, மாக்கோல இழை போல வெளுத்திருந்தது. தொப்புளைச் சுற்றிச் சின்ன வட்டத் தழும்பு. வயிற்றுத் தோலைக் கீழே இழுத்துவிடுவதால் தொப்புளுக்குப் புது வாசல் வெட்டுவார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மார்பில் வயிற்றுத் தோலின் ஒரு துண்டு, நிறம் ஒரு பிடி மாறி. அந்தத் துண்டில் பிரசவ வரிகள் இருந்தன. மூன்று பிள்ளை பெற்ற வயிற்றின் வரிகள், இப்போது நெஞ்சில். அதில் ஒன்றை விரலால் தொட்டு, "இது என் பெரியவன்" என்றார்.

ஆபரேஷனுக்கு முன் எனக்கும் படங்கள் காட்டினார்கள். தலையில்லாத உடம்புகள், முன்பு, பின்பு என்று. பின்பு என்றால் எல்லாம் ஆறி அடங்கிய பின்பு. நடுவில் ஏழாவது வாரம் எப்படி இருக்கும், ஒன்பதாவது வருடம் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. எனக்கு அன்று ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அளவு கிடைத்தது. இவ்வளவு வீங்கும், இவ்வளவு வற்றும், இந்தப் பக்கம் தொங்கும், இது இப்படியே இருந்துவிடும். டாக்டருக்கு என்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. இந்த அளவை இன்னொரு உடம்புதான் சொல்ல முடிகிறது.

1952ல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பை எடுத்தார்கள். அடுத்து என்ன செய்வது, கையை எப்படித் தூக்குவது, உள்ளே எதை வைத்துக்கொண்டு வெளியே போவது என்று சொல்ல ஆளில்லை. அவர் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, ஒரு தற்காலிகப் பொய் மார்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மற்ற நோயாளிகளைத் தேடி ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். டாக்டரைக் கேட்காமல் நீ யார் பார்ப்பதற்கு என்று விரட்டிய இடங்களும் உண்டு. அந்த வழியில் வந்ததுதான் இங்கே 'ரீச் ஃபார் ரிகவரி' என்று இருக்கும் அமைப்பு. அதில் நோயாளியைப் பார்க்க வருகிற தன்னார்வலர்கள் எல்லோரும் அந்த நோய் வந்து எழுந்தவர்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்ட, கையில் காசில்லாத பெண்களுக்கு 'டிட்டோ' என்ற திட்டத்தில் சிலிக்கோன் பொய் மார்பும் ஏற்பாடு செய்கிறார்கள்.

சரி, குரூப்புக்கு வருகிறேன். முதல் கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பிங்க் பலூன், பிங்க் கேக். ஒருவர் எழுந்து நாமெல்லோரும் போராளிகள் என்றார். எனக்குப் போராடிய நினைவே இல்லை, குமட்டலும் தூக்கமும்தான் நினைவிருந்தது. டீ இடைவேளையில் நழுவிவிட்டேன். ஆன்ட்டி வற்புறுத்தவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று பேச்சு முழுக்க பிரா பற்றியும் கார் பெல்ட் பற்றியும்தான். பெல்ட் தழும்பில் உரசாமல் இருக்க ஒரு சின்னத் தலையணையை இடையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருவர்கூட அழவில்லை. திரும்பி வரும்போது காரில் நான் அழுதேன், அது வேறு.

நீங்கள் போகும்போதும் முதல் தடவை பிடிக்காமல் போகலாம். எல்லோருடனும் ஒத்துப்போகவும் செய்யாது. ஒருத்தி ஐந்தாவது வாரமே வேலைக்குப் போனேன் என்பாள், நாம் நம்மையே நொந்துகொள்வோம். சிலருக்கு வைத்த சதை ஒட்டாமல் எடுக்க வேண்டி வந்திருக்கும், அதைக் கேட்டு ராத்திரி தூக்கம் போகும். எங்கள் குரூப்பில் ஒரு பெண் எதுவுமே வைத்துக்கொள்ளாமல் தட்டையாகவே விட்டுவிட்டாள். நாங்கள் எங்கள் ஆபரேஷன் மணிக்கணக்கைப் பேசும்போது அவள் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

மொழி விஷயம் நியாயமான கவலை. வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்பார்கள். நம்மிடம் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுருக்கென்று, விண்விண்ணென்று என்று தனித்தனியாக இருக்கிறது. இதில் எது ஏழு, எது நாலு? ஆன்ட்டிக்குத் தமிழில் ஒரு வாக்கியம் ஒழுங்காக வராது. ஆனால் முதல் நாள் என்னிடம், "இழுக்குதா, குத்துதா, எரியுதா?" என்று கேட்டார். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, கேட்ட கேள்வியாம். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அந்த மூன்று சொல்லும் அந்த வீட்டில் தங்கியிருக்கின்றன. உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் தமிழ் ஆள் கிடைக்காமல் போகலாம். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் ஜூலுவோ சோத்தோவோ பேசுகிறவர்களாக இருப்பார்கள், ஆங்கிலம் அவர்களுக்கும் இரண்டாவது மொழிதான். எங்கள் குரூப்பில் ஒரு ஜூலு அம்மா வலியைக் கையால்தான் காட்டுவார், துணி பிழிவது போல. எல்லோருக்கும் புரிந்தது.

யார் உடம்பையோ தொடுகிற மாதிரி என்றீர்கள். உங்கள் மனதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ரத்தக் குழாயை மைக்ரோஸ்கோப் வைத்து இணைத்துச் சதைக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொடு உணர்வு தரும் நரம்புகள் வெட்டுப்பட்டிருக்கும். அது உயிரோடு இருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது, ஆனால் மரத்திருக்கிறது. விரல் தொட்டதைச் சொல்கிறது, மார்பு தொடப்பட்டதைச் சொல்வதில்லை. ஓரங்களில் கொஞ்சம் உணர்வு ஒன்றிரண்டு வருடத்தில் வரலாம், பழைய மாதிரி முழுதாக வராது. இப்போது உங்கள் ஊரில் புல்லெல்லாம் உறைபனியாக இருக்கும், அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: ஹாட் வாட்டர் பாட்டிலைக் காலுக்கு மட்டும் வையுங்கள். மார்பிலோ வயிற்றிலோ வைத்தால் சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

போகப்போக கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்படலாம். எனக்குத் தட்டுப்பட்டபோது உலகமே நின்றுபோனது. ஆன்ட்டிக்கு போன் செய்தேன். "எனக்கும் வந்தது, எனக்குச் செத்த கொழுப்பு. உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாது, இன்னிக்கே டாக்டர்கிட்ட போ" என்றார். ஸ்கேனில் எனக்கும் செத்த கொழுப்புத்தான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் அவரை நம்புகிறேன். "அந்த மருந்தை விடு, இது போதும்" என்று மருந்து மாற்றச் சொல்கிறவர் யாராவது குரூப்பில் இருந்தால் பக்கத்தில் உட்காராதீர்கள். காய்ச்சல், சிவப்பு, நிறமாற்றம், திடீர் வீக்கம் எதுவானாலும் நேரே டாக்டர்தான்.

உங்கள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்புவது வெறுப்பு என்று நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. பார்த்தால் உங்களுக்குச் சங்கடம் என்று அவர் நினைத்திருக்கலாம். அவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். என் கணவர் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் டிரெயின் கணக்கு எழுதினார்: காலை 45, மாலை 30. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று அவர் பரீட்சை ரிசல்ட் வந்த பையன் மாதிரி கத்தினார். உங்களுக்கு டிரெயின் காலம் முடிந்துவிட்டது. தழும்பில் கிரீம் தடவும் காலம் இருக்கிறது. டாக்டர் சரி என்றதும் முதுகுப் பக்கம் போகிற நுனியை அவரிடம் விடுங்கள். உங்களுக்கு எப்படியும் எட்டாது.

அத்தைக்கு என்ன சொல்வது என்று எனக்கு வழி தெரியவில்லை. என் வீட்டில் "வயிறும் குறைஞ்சிடுச்சே, ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்" என்றார்கள். நான் நாலு நாள் பேசவில்லை. அதுதான் நான் செய்தது, சிபாரிசு செய்யவில்லை.

ரவிக்கை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். முன் ஹூக் வைக்கச் சொல்லுங்கள், பின்னால் கை கொண்டுபோவது இன்னும் சில மாதம் கஷ்டம். உள்ளே மெத்தென்ற காட்டன் லைனிங். அக்குள் பக்கம் இறுக்க வேண்டாம், அந்தப் பக்கம் நெறிகட்டி எடுத்திருந்தால் கை வீங்க இடம் வேண்டும். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். புதுப் பக்கத்தில் டக்கின் முனை கொஞ்சம் மேலே நிற்கும். தையல்காரரிடம் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இந்தப் பக்கம் ஆபரேஷன்" என்று நான் இரண்டு சொல் சொன்னேன், அந்தப் பெண் டேப்பைச் சுற்றிவிட்டு என் பக்கமே பார்க்காமல் எண்ணை எழுதிக்கொண்டாள்.

தையலுக்குள்ளே அரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். மார்பில் இருப்பது வயிற்றுச் சதை, அது தன் குணத்தை விடாது. உடம்பு போட்டால் அதுவும் போடும். எனக்குத் தீபாவளி முறுக்கும் டிசம்பர் பிரியாணியும் ஜனவரியில் இடது பக்கம் தெரிந்தன.