பல்பை மாற்றும் முன் வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று பாருங்கள்

கேள்வி: திருக்கோவிலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 58 வயது. 2012-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திருவண்ணாமலையிலிருந்து இரவில் திரும்பும்போது, பின்விளக்கே இல்லாமல் போன கரும்பு டிராக்டர் ஒன்று கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. கடையில் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள். நண்பர் எல்இடி போடச் சொல்கிறார். எதைப் போடலாம்? அல்லது கோளாறு என் கண்ணில்தானா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். கடைக்காரர் 100/90 என்று சொன்னதிலிருந்தே உங்கள் காரில் இருப்பது எச்4 வகை பல்பு என்று தெரிகிறது. கம்பெனி கொடுத்த அளவு 60/55 வாட். பிரைட் போட்டால் 60, டிம் போட்டால் 55. அந்த 55 வாட் பல்பு முழு மின்சாரம் பெற்று, தெளிந்த கண்ணாடி வழியாக, சரியான கோணத்தில் எரிந்தால் உங்கள் சாலைக்குப் போதும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் முப்பது வருடமாக நான் பார்த்த மங்கலான ஹெட்லைட்டுகளில் பெரும்பாலானவற்றில் பல்பின் சக்தி குறைவாக இருந்ததில்லை. பல்பிலிருந்து சாலைக்குப் போகும் வழியில் எங்கோ வெளிச்சம் தொலைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பெரிய பல்பு போடுவது, ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

முதலில், பகலில் காரின் முன்னால் நின்று விளக்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பல்பு தெளிவாகத் தெரிகிறதா, பால் படிந்ததுபோல மஞ்சளாக மறைக்கிறதா? இப்போதைய கார்களில் விளக்கின் முன்பக்கம் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலைத் தாங்க அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் பூச்சு போய்விடும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். அப்படியானால் 1000, 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சைத்தான் பல கடைகளில் விட்டுவிடுகிறார்கள். பற்பசை தேய்த்தால் பளபளக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதுகாப்பு இல்லாத பிளாஸ்டிக் சில வாரங்களிலேயே மறுபடி மங்கும். அடுத்த முறை இன்னும் மோசமாக மங்கும்.

உள்ளே நீர் கோத்திருந்தால் அது வேறு கதை. பல்பின் பின்னால் கண்ணாடிபோல மின்னும் அந்தக் கிண்ணம் அலுமினிய ஆவி படிய வைத்தது. ஈரம் பட்டால் மங்கிக் கறுத்துவிடும். துணியால் துடைத்தால் மீதியும் உரிந்து வந்துவிடும், ஆகவே கை வைக்கவே கூடாது. கிண்ணம் கறுத்திருந்தால் விளக்கை முழுசெட்டாக மாற்றுவது தவிர வழி இல்லை.

விளக்கு தெளிவாக இருக்கிறது, ஆனாலும் வெளிச்சம் மங்கல் என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கார்களில் அதிகம் தவறவிடப்படும் இடம் இதுதான். ஹாலோஜன் பல்பு மின்னழுத்தத்துக்கு மிகவும் நுணுக்கமாக அசைந்து கொடுக்கும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதோடு நிற்காது, சுமார் 30 சதவீதம் போய்விடும். 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போய்விடும். பல்பு எரிகிறது, யாருக்கும் குறை தெரியாது, ஆனால் சாலை இருட்டாக இருக்கும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் மங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பிரகாசமாகும் விளக்கும் அதே திசையைத்தான் காட்டுகிறது. பேட்டரியில் அளவு சரியாக இருந்தால் அடுத்து பல்பின் பின்னாலுள்ள ஹோல்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பேட்டரிக்கும் ஹோல்டருக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழியில் எங்கோ இழப்பு இருக்கிறது. களிம்பு பிடித்த எர்த் (விளக்கின் ஒயர் காரின் உடலோடு சேரும் இடம்), கருகிய ஹோல்டர், தேய்ந்த சுவிட்சு ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக எரிந்து, டிம்மில் இருக்கும்போதே மீட்டர் பலகையில் நீல நிற பிரைட் விளக்கும் லேசாக ஒளிர்ந்தால், யோசிக்காமல் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். செலவே இல்லாத வேலை அது.

சில பழைய கார்களில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சு வழியாகவே போகும். அப்படியானால் ஃப்யூஸோடு கூடிய ரிலே செட் (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) ஒன்றைப் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் கொடுத்தால் அதே 55 வாட் பல்பு புதிதாகப் பிறந்ததுபோல எரியும். பல்பு பழையதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் பழுதாகி, பல்பின் ஆயுள் குறைந்துவிடும். தப்பித் தவறிப் பட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

இப்போது 100/90. இந்த பல்பு இழுக்கும் மின்சாரத்துக்காக உங்கள் காரின் ஒயரும் ஹோல்டரும் செய்யப்படவில்லை. ஏற்கெனவே இழப்புள்ள ஒயரிங்கில் கூடுதல் மின்சாரம் பாய்ந்தால் சூடுதான் கூடும். ஹோல்டர் பிளாஸ்டிக் உருகி பல்போடு ஒட்டிக்கொண்டு, வெட்டி எடுக்க வேண்டியிருந்த கார்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஒரு காரில் ஒயரின் மேலுறை பானெட் ஓரம் வரை பொசுங்கியிருந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

எல்இடி கேட்க நன்றாக இருக்கிறது, மின்சாரமும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால்தான் டிம் வெளிச்சத்துக்கு மேலே ஒரு தெளிவான கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே எதிரே வருபவரின் கண், கீழே சாலை. விளக்கின் உட்புறம் முழுவதும் அந்த இழையின் இடத்துக்காக மில்லிமீட்டர் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. எல்இடி சில்லு அதே இடத்தில், அதே வடிவில் ஒளிர்வது அரிது. அதனால் ஒளி சிதறுகிறது. காருக்கு அருகில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் கொட்டும், கண்மணி சுருங்கும், தொலைவில் இருக்கும் டிராக்டர் முன்பைவிட மறைந்துபோகும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ கண் இருண்டுவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவரை அது கூசச் செய்யக் கூடாது. கம்பெனியிலிருந்தே எல்இடிக்காக வடிவமைத்து வரும் விளக்குகள் நல்லவை. ஹாலோஜன் விளக்குக்குள் திணிக்கும் எல்இடியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கோணம் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் காரில் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கோடு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினால், அது தரையைத் தொடுவது 65 மீட்டர் தொலைவில். அதுவே 10 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறங்கினால் 26 மீட்டரிலேயே சாலை இருண்டுவிடும். திருகாணி சற்றே பிசகினாலும், பம்பர் வேலைக்குப் பிறகு விளக்கைச் சரியாக உட்கார வைக்காவிட்டாலும் இது நடக்கும். சமதளத்தில் ஒரு சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, டிம் போட்டுப் பாருங்கள். ஒளிக்கோடு அந்தக் குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறிப் போகும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிசகியிருந்தால் விளக்கின் பின்னாலுள்ள திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் இருந்தால், நீங்கள் தனியாக ஓட்டும்போது அது 0-வில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ 3-இல் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிய கார்களும் உண்டு.

கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நேர்மையான கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது. வயது ஏற ஏறக் கண்மணி இருட்டில் முன்போல விரிவதில்லை, விழி வில்லையும் மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூசிய கண் தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும். எதிர்வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் போகும்போது, பகலில் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் சொல்லாமல், இரவில் கார் ஓட்டும்போது என்ன தெரிகிறது என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம். இருக்கும் வெளிச்சத்திலும் கொஞ்சத்தை அது வடிகட்டிவிடும். அதற்குப் பதிலாக, முன் கண்ணாடியின் உட்புறத்தை இன்றைக்கே துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய படலம் பகலில் தெரியாது, எதிரே விளக்கு வந்ததும் கண்ணாடி முழுவதும் வெண்மையாகப் பூத்துவிடும்.

நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி வளர்ப்பதற்கு எதிர்விளக்கை மறைப்பதும் ஒரு காரணம். இருவழிச் சாலையில் அந்தத் திரை கிடையாது. ஆகவே எதிர்விளக்கைப் பார்க்காதீர்கள், இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் பார்வையை வையுங்கள். வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள்ளேயே 33 மீட்டர் ஓடியிருக்கும். உலர்ந்த சாலையில் முழுதாக நிற்க மொத்தம் 70 மீட்டர் தேவை. 60 கிலோமீட்டரில் அது சுமார் 45 மீட்டராகிவிடும். டிம் வெளிச்சத்தில், விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாத ஒரு கரும்பு டிரெய்லர் உங்கள் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த 45-ஐ ஒட்டிய தூரத்தில்தான். விளக்கைச் சரிசெய்யும்வரை இரவில் 50-ஐத் தாண்டாதீர்கள். எதிரே வண்டி இல்லாதபோது தயங்காமல் பிரைட் போடுங்கள், எதிரே விளக்கு தெரிந்த உடனே டிம்முக்கு மாறுங்கள்.

ஓடும்போதே டிம் அணைந்துவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்காமல் பிரைட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எச்4-இல் இரண்டுக்கும் தனித்தனி இழை, ஒன்று போனால் மற்றது எரியலாம். அதுவும் இல்லையென்றால் நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, மெல்ல வேகத்தைக் குறைத்து, தார்ச்சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துங்கள். உடன் வந்தவர்களை வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, வண்டியிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். சிகரெட் டப்பாத் தாளைச் சுற்றி ஓட்டி வந்த ஒருவரின் காரில் ஃப்யூஸ் பெட்டியே உருகியிருந்தது.

அடுத்த பயணத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்குங்கள். கண்ணாடியைத் துடைப்பதும் சுவர்ச் சோதனையும் நீங்களே செய்துவிடலாம். மல்டிமீட்டர் வேலைக்கு உங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், "பல்பு எரியும்போது ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது, அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அளக்காமலேயே பெரிய பல்பை எடுத்து நீட்டினால், வேறொருவரைத் தேடுங்கள்.