நூறு நிமிட லூலுவை நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திரைப்பட வட்டத்தில் 1929இல் வந்த 'பண்டோராவின் பெட்டி' என்ற ஜெர்மன் மௌனப் படத்தைப் போடப் போகிறோம். கிடைத்த பிரதிகளில் ஒன்று 100 நிமிடம், இன்னொன்று 135 நிமிடத்துக்கு மேல். சின்னது போதுமா? நாடகத்தைப் படிக்காதவர்களுக்குப் புரியுமா?

பதில்: சின்னது வேண்டாம். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். பாப்ஸ்ட் இயக்கிய இந்தப் படச்சுருளின் நீளம் சுமார் 3,250 மீட்டர். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமுக்கு 19 மி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 1,71,000 பிரேம்கள். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 119 நிமிடம், 20 வீதம் ஓட்டினால் 142 நிமிடம். மௌனப்பட காலத்தில் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை. அதனால் இந்த இரண்டுக்கும் நடுவே எந்த நேரம் காட்டினாலும் கவலையில்லை. 100 நிமிடம் என்றால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது.

வெட்டைவிட மோசமானது மாற்றிய அட்டை, அதாவது காட்சிகளுக்கு நடுவே வசனமும் விளக்கமும் காட்டும் எழுத்து அட்டை. ஃபிராங்க் வெடெகிண்ட் எழுதிய இரண்டு துன்பியல் நாடகங்களைச் சேர்த்துத்தான் இந்தப் படம். பத்திரிகை முதலாளி ஷோனை மணக்கும் லூலு, அவர் சுடப்பட்டு இறந்தபின் அவருடைய மகன் ஆல்வாவோடு ஓடுகிறாள். முடிச்சே அதுதான். சில நாடுகளில் ஆல்வாவை மகன் இல்லை, செயலாளர் என்று மாற்றிவிட்டார்கள். பேசாத படத்தில் இது ரொம்பச் சுலபம், ஒரு அட்டையை மாற்றினால் போதும். ஆகவே முதல் அரைமணி நேரத்தைப் பார்த்து ஆல்வா யார் என்று கவனியுங்கள். அப்புறம் முடிவையும் பாருங்கள். லண்டனில் லூலு கொலைகாரன் கையில் சாகாமல், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் சேர்ந்துவிட்டால் அந்தப் பிரதியைத் தூக்கிப் போடுங்கள்.

சரி, புரியுமா? தாராளமாக. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேடைக்கு வந்த கதைக்கு பாப்ஸ்ட் தன் காலத்து பெர்லின் உடையை மாட்டிவிட்டார். லூலுவாக வரும் லூயிஸ் புரூக்ஸின் குட்டை முடி, ஆட்டமும் பாட்டுமான ரெவ்யூ மேடை எல்லாம் 1920களின் சமாச்சாரம். லூலுவைக் கொல்ல வருபவன் ஜாக் தி ரிப்பர். 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்ற அவன் 1920களுக்குள் எப்படி வந்தான் என்று பார்க்கும்போது யாருக்கும் கேட்கத் தோன்றாது! திருமண இரவில் ஷோன் துப்பாக்கியை லூலுவின் கையில் திணித்துச் சுட்டுக்கொள்ளச் சொல்கிறார். துப்பாக்கி வெடிப்பதை நாம் பார்ப்பதில்லை, இருவருக்கும் நடுவே மெல்லிய புகை மட்டும் எழும். லண்டனில் ரிப்பர் தன் கத்தியை மாடிப்படியிலேயே போட்டுவிட்டு அவள் பின்னால் ஏறுகிறான். பிறகு மேஜைமேல் ரொட்டிக் கத்தி மின்னுகிறது. நாடகத்தில் லூலுவைக் காதலிக்கும் கெஷ்விட்ஸ் சீமாட்டியும் அங்கேயே குத்துப்பட்டு, கடைசியாகப் பேசிவிட்டுச் சாகிறாள். பாப்ஸ்ட் அவளை லண்டனுக்கே கூட்டி வரவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது.

அட்டைகளை ஒருவர் தமிழில் உரக்கச் சொல்லட்டும். மௌனப்பட காலத்தில் நம் கொட்டகைகளிலும் அப்படிப் படித்துச் சொல்ல ஆள் இருந்ததுண்டு. ஆனால் கதைச்சுருக்கம் முன்கூட்டியே வேண்டாம். பிரதியோடு வரும் இசை ஏதோ ஒரு பியானோவை ஒட்டவைத்தது போல இருந்தால் ஒலியை அணைத்துவிட்டு, உள்ளூரில் வயலின் வாசிப்பவர் யாரையாவது உட்கார வையுங்கள். கத்தி மின்னும்போது மட்டும் அவர் வில்லை எடுத்துவிட வேண்டும்.

இடைவேளை விட்டே ஆக வேண்டும் என்றால், லூலுவும் ஆல்வாவும் தப்பி ஓடும் ரயில் காட்சி தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள்.