தெப்பக்குளம் இருக்கையில இத்தாலி ஏரி எதுக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் மியூனிக்ல வேலை பாக்குறான். செப்டம்பர்ல எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கான், அஞ்சு நாள் லீவு போட்டு இத்தாலி காட்டுறேங்கிறான். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், மிலான்னு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கான். என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. மருமகளோ, சிர்மியோனேன்னு ஒரு ஏரிக்கரை ஊர்ல அஞ்சு நாளும் இருந்துரலாம்ங்கிறா. "தண்ணியப் பாக்க இத்தாலி போகணுமா, சாயங்காலம் நம்ம தெப்பக்குளத்துப் படியில உக்காந்தா பத்தாதா"ன்னு இவர் கேக்குறார். யார் சொல்றதக் கேக்குறது?
– ஒரு வாசகி, திருநகர்

பதில்: மருமக சொல்றதக் கேளுங்கம்மா. அஞ்சு நாள்ல நாலு ஊருன்னா நீங்க பாக்கப்போறது நாலு ரயில்வே ஸ்டேஷன்தான், அதுவும் பெட்டியத் தூக்கிட்டு, மூட்டுவலிக்காரரக் கூட்டிக்கிட்டு. தம்பி கோச்சுக்கக் கூடாது, ஆசையில போட்ட லிஸ்ட்டு அது.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தெப்பக்குளத்துக்கு நானும் அடிமைதான், ஆனா இது வேற கணக்கு. கார்டா ஏரி 370 சதுர கிலோமீட்டர், நம்ம மதுரை மாநகராட்சியப் போல ரெண்டரை மடங்கு. ஆழம் 346 மீட்டர், நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்த ஆறு அடுக்கு அடுக்கினாலும் மேல கலசம் தெரியாது. அந்த ஏரிக்குள்ள விரல் நீட்டுன மாதிரி ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியா ஒரு நிலம் போகும், அதோட நுனியில இருக்குற ஊருதான் சிர்மியோனே. பழைய ஊருக்குள்ள போக ஒரே வழி, கோட்டை ஓரத்துப் பாலம். வெரோனாவ ஆண்ட ஸ்காலா குடும்பம் 13, 14ஆம் நூற்றாண்டுகள்ல கட்டுன கோட்டை, சுத்தி நாலு பக்கமும் தண்ணி, படகுங்கள உள்ள விட்டுப் பூட்டி வைக்கவே தனியா மதில் போட்ட துறை ஒண்ணு வெச்சிருக்காங்க. கோபுரத்துல ஏறணும்னா படி நிறைய, ஐயா கீழ உக்காந்து வாத்து பாக்கட்டும், நீங்க ஏறிட்டு வாங்க.

நுனிக்குப் போனா 'கத்துல்லோ குகை'ன்னு ஒண்ணு இருக்கு. பேரக் கேட்டு குகைன்னு நெனச்சிராதீங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ரோமானியப் பணக்காரர் ஏரியப் பாத்த மாதிரி கட்டுன பங்களா அது, ரெண்டு ஹெக்டேர் இருக்கும், இடிஞ்சு செடி மூடிக் கெடந்தத பிற்காலத்துல பாத்தவங்க குகைன்னுட்டாங்க. கத்துல்லோங்கிறவர் ரோமானியக் கவிஞர், இந்த ஊரப் புகழ்ந்து பாட்டு எழுதுனவர்தான், ஆனா அவர் செத்த பிறகுதான் இந்த வீடே எழும்புச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. கீழடிக்குழிய எட்டிப் பாத்துட்டு வந்தவங்களுக்கு இங்க நின்னா ஒரு மாதிரி இருக்கும். அந்தக் காலத்துலதான் நம்ம பாண்டிய நாட்டு முத்து ரோமாபுரிக்குக் கப்பல் ஏறிப் போய்க்கிட்டிருந்துச்சு, இந்த வீட்டம்மா கழுத்துல கொற்கை முத்து கெடந்துருக்குமோன்னு நான் பாட்டுக்கு ஒரு ஆலிவ் மரத்தடியில உக்காந்து யோசிச்சேன், என் வீட்டம்மா வந்து எழுப்புற வரைக்கும். சுத்திலும் ஆலிவ் தோப்புதான், நெழலுக்குக் கொறச்சலில்ல. கோட்டையும் இந்தப் பங்களாவும் அரசாங்க மியூசியம், மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம். கூட்டமும் அன்னிக்குத்தான், அதனால காசு குடுத்தே போங்க.

மூட்டுவலிக்கு இன்னொரு சங்கதி. ஏரிக்கு அடியில இருந்து 69 டிகிரி சூட்டுல கந்தகத் தண்ணி ஊறுது. 1889ல ஒரு முத்துக்குளிக்காரர் மாதிரி ஆளு உள்ள முங்கி, குழாய் சொருகிக் கரைக்குக் கொண்டாந்தார், இன்னிக்கு வரைக்கும் அதத்தான் ஆற வெச்சு குளியல் தொட்டிகள்ல விடுறாங்க. வேட்டி துண்டோட எறங்க இது அழகர்மலைத் தீர்த்தம் இல்ல, நீச்சல் உடுப்பு கட்டாயம். வலி போயிரும்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, பிபி இருந்தா கண்டிப்பா கேளுங்க.

வழி சுலபம். மியூனிக்ல ஏறுனா ஆல்ப்ஸ் மலைக்குள்ள பூந்து வெரோனா வரைக்கும் ஒரே ரயில், அஞ்சரை மணி நேரம் போல ஆகும். அங்கருந்து ஏரிக்கரையில ரயில் நிக்கிற தெசென்சானோங்கிற ஊரு அரை மணி நேரம்கூட இல்ல, பொறகு பஸ்ஸு, இல்லாட்டி படகு. சின்ன ரயில்ல பேப்பர் டிக்கெட் எடுத்தா பிளாட்பாரத்துல இருக்குற மிஷின்ல முத்திரை குத்திட்டுத்தான் ஏறணும். நான் குத்தாம ஏறி அபராதம் கட்டுனேன், 'டிக்கெட் இருக்குல்ல'ன்னு வாதாடுனதெல்லாம் எடுபடல. தங்குறதுக்கு தெசென்சானோ கொஞ்சம் விலை கம்மி, ஆனா நான் சிர்மியோனேக்குள்ளயே தங்குங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா பகல் பூரா சித்திரத் திருவிழா கணக்கா நெரிசல், ஆறு மணிக்கு மேல, வந்தவங்கள்லாம் படகு ஏறிப் போயிருவாங்க, அப்பத்தான் ஊரு ஊரா இருக்கும். செப்டம்பர் நல்ல மாசம், ஆகஸ்ட்டுல இத்தாலிக்காரங்களே லீவுல எறங்கிருவாங்க.

கேள்வி: இந்த மாதிரி மகன் வீட்டுல தங்கிட்டு இத்தாலி போறவங்க எந்த நாட்டு விசா எடுக்கணும்?
– ஒரு வாசகர், எல்லீஸ் நகர்

பதில்: எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டு விசா. ஜெர்மனியில இருபது நாள், இத்தாலியில அஞ்சு நாள்னா ஜெர்மனி விசாவே போதும், அது பல ஐரோப்பிய நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, அதுலயே இத்தாலிக்கும் போகலாம். ஆறு மாசத்துக்கு முன்னாலருந்தே அப்ளை பண்ணலாம், கடைசி பதினஞ்சு நாள்ல போய் நிக்காதீங்க. இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். முக்கியமா ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய்யி, கறி அயிட்டம் எதுவும் பெட்டியில வைக்காதீங்க, பால் பொருளும் கறியும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க. முறுக்கு, பருப்புப்பொடி தாராளமா.

கேள்வி: அஞ்சு நாளும் பீட்சாதானா?
– ஒரு வாசகர், சிம்மக்கல்

பதில்: அண்ணே, அங்க பிகோலின்னு ஒண்ணு சாப்பிடுங்க. நம்ம இடியாப்ப உரல் மாதிரியே ஒரு அச்சுல மாவ வெச்சுப் பிழியுற தடிச்ச நூடுல்ஸு, அதுல உப்புப் போட்ட ஏரி மீனப் பிரட்டித் தருவாங்க, கருவாட்டு வாசம் புடிக்கிறவங்களுக்கு அது சொர்க்கம். சைவம்னா பூசணிக்கா உள்ள வெச்ச தொர்த்தெல்லி, லேசா இனிக்கும். சுத்த சைவக்காரங்க பார்மசான் சீஸ் வேணாம்னு சொல்லிருங்க, கன்னுக்குட்டி வயித்துல எடுக்குற ரென்னட் போட்டுத்தான் அதச் செய்யுறாங்க. நேரம் ரொம்ப முக்கியம், ரெண்டரை மணிக்கு மேல அடுப்ப அணைச்சிட்டா ராத்திரி ஏழு மணிக்குத்தான் மறுபடி. நாங்க மூணு மணிக்குப் போய் எறங்கி, ஏரிக்கரை பெஞ்சுல உக்காந்து முறுக்கக் கடிச்சோம். பில்லுல 'கோபெர்த்தோ'ன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ இருக்கும், ஏமாத்து இல்ல, மேஜையில உக்காந்ததுக்கு அது. காபிய நின்னுக்கிட்டே குடிச்சா விலை கம்மி.

கேள்வி: வீரமாமுனிவர் பொறந்த ஊரு அந்தப் பக்கம்தான்னு எங்க தமிழ் சார் சொன்னார், நெசமா?
– ஒரு கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: நெசம்தான் தாயி, சாருக்கு என் வணக்கத்தச் சொல்லு. தெசென்சானோவுல இருந்து தெக்க பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேன்னு வாயில நுழையாத ஒரு ஊரு, அங்கதான் 1680ல பெஸ்கி, அதான் நம்ம வீரமாமுனிவர், பொறந்தார். மதுரை மிஷனுக்கு வந்து, தமிழ் படிச்சு, தேம்பாவணி பாடி, எ-ஏ, ஒ-ஓ எழுத்த நாம இன்னிக்கு எழுதுற மாதிரி பிரிச்சுக் காட்டுனவர் அவர்தான். நம்ம பக்கத்துக் கோயில்கள்ல ஞானப்பிரகாசியார்னு கும்பிடுற புனித அலோசியஸ் கொன்சாகாவும் அதே ஊருக்காரர்தான், 1568ல பொறந்தவர், அவரோட மண்டையோட்ட அங்க கோயில்ல வெச்சிருக்காங்க.

ஊரு அதோட நிக்கல. 1859 ஜூன் 24ந் தேதி பக்கத்துல சொல்ஃபெரினோவுல பெரிய சண்டை, அடிபட்டவங்களையெல்லாம் இந்த ஊருக்குத்தான் தூக்கியாந்து கோயில் தரையில கெடத்துனாங்க. ஊர்ப் பொம்பளைங்க எந்தப் பக்கத்து சிப்பாய்னு பாக்காம தண்ணி குடுத்துக் கட்டுப் போட்டத ஆன்றி துனாந்துங்கிற சுவிஸ்காரர் பாத்தார், அதுலருந்துதான் 1863ல செஞ்சிலுவைச் சங்கம் வந்துச்சு. மியூசியம் இருக்கு, அந்தக் காலத்து ஸ்ட்ரெச்சரும் வண்டியும் வெச்சிருக்காங்க. ஏரிக்கு வர்ற கூட்டத்துல இங்க எட்டிப் பாக்குறவங்க கம்மி. திருநகர் அம்மா, உங்க அஞ்சு நாள்ல ஒரு அரை நாள இதுக்கு ஒதுக்குங்க.

கேள்வி: சொந்தக்காரங்களுக்கு என்ன வாங்கியாரலாம்?
– அதே திருநகர் வாசகி, கடைசி வரியில

பதில்: கார்டா ஆலிவ் எண்ணெய். மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து செக்-இன் பெட்டியில வைங்க, நான் சேலைக்கு நடுவுல வெச்சதுல வீட்டம்மா ஒரு வாரம் பேசல.