அலுவலக நண்பர்களோடு ஒரு பெரிய படத்துக்குப் போன அனுபவம் உண்டா?

உண்டு. பொன்னியின் செல்வன் முதல் பாகம், 2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, முதல் நாள் மதியக் காட்சி. எங்கள் டீமில் 11 பேர் போனோம், அதில் நாவலைப் படித்தவன் நான் ஒருவன்தான், வினையே அதுதான்.

முந்தின நாள் மதியம் சாப்பிட்டு வந்ததும் மீட்டிங் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். "யாருக்கு யார் என்ன உறவுன்னு மட்டும் சொல்லிடுங்க." சரி என்று போர்டில் சுந்தர சோழரை மேலே எழுதி, கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் என்று கோடு இழுத்தேன். அதுவரை நன்றாகத்தான் போனது. மதுராந்தகன் யார் என்று ஒருத்தி கேட்டாள், அதற்காகக் கண்டராதித்தரிடம் போய், அங்கிருந்து செம்பியன் மாதேவி, அப்புறம் பழுவேட்டரையர் இரண்டு பேர், கடைசியில் இடமே இல்லாமல் அந்த வார வேலைப் பட்டியலின் தலையிலேயே வீரபாண்டியனை உட்கார வைத்தேன். உள்ளே வந்த மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல யாருப்பா யாருக்கு ரிப்போர்ட் பண்றாங்க?" என்றார். மனுஷன் நல்ல மூடில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அங்கேயே அரை நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டோம்.

டிக்கெட் 190 ரூபாய் சொச்சம், புக்கிங் கட்டணம் தனி. எல்லாம் என் கார்டில்தான். இரண்டு பேர் இன்னும் பணம் தரவில்லை (இதைப் படித்தால் அனுப்பிவிடுங்கள்).

கமல் குரல் வந்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. நாவல் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் தொடங்கும், படமோ போர்க்களத்தில் தொடங்கியது. "இது புக்ல இல்லையே" என்று நான் முணுமுணுத்தது பக்கத்து சீட்டுக்குக் கேட்டுவிட்டது. அவ்வளவுதான், மிச்சப் படம் முழுக்க நான் கோனார் நோட்ஸ்.

இடது பக்கம், கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான தம்பி. திரையில் யார் வந்தாலும், "அண்ணா, இவர் நல்லவரா கெட்டவரா?" பெரிய பழுவேட்டரையரைப் பற்றி அதற்கு ஒரே வார்த்தையில் என்ன சொல்ல? நந்தினி யாருடைய மகள் என்று வேறு கேட்டான். கல்கியே ஐந்து பாகம் இழுத்த விஷயம், நான் காதோடு காதாக எப்படிச் சொல்லி முடிப்பேன்? வலது பக்கம் டீம் லீட், அவருக்கு மதுராந்தகன் கடைசி வரை பிடிபடவில்லை.

உச்சம் கிளைமாக்ஸில்தான். கடலில் புயல், கப்பல் உடைகிறது, அருள்மொழியும் வந்தியத்தேவனும் மூழ்குகிறார்கள், தண்ணீருக்குள் ஊமை ராணி வருகிறாள், முகம் அச்சு அசல் ஐஸ்வர்யா ராய். தம்பி சத்தமாகவே கேட்டுவிட்டான், "தஞ்சாவூர்ல இருந்த நந்தினி அதுக்குள்ள எப்படிண்ணா கடலுக்குள்ள வந்தா?" இரண்டு வரிசை சிரித்தது. முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, "அடுத்த பாகத்துல சொல்லுவாங்க தம்பி, பேசாம உட்காருப்பா" என்றார். எனக்குப் பதில் தெரியும், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் டீம் இரண்டாகப் பிரிந்தது. மெதுவாகப் போகிறது என்று ஒரு கட்சி, கார்த்திக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஒரு கட்சி. எனக்கு ஒரே குறை, கடம்பூர் மணிமேகலையைத் தூக்கிவிட்டார்கள். அதைச் சொன்னதும் "யார் அது?" என்று பத்துப் பேரும் திரும்பினார்கள், பேச்சை மாற்றிவிட்டேன்.

விஜயதசமி அன்று தனியாகப் போய் மறுபடி பார்த்தேன். தேவராளன் ஆட்டம் எனக்குப் புதுப் பாட்டாகவே இருந்தது, முதல் தடவை அந்த நேரம் முழுக்க லீடுக்கு மதுராந்தகனை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2023 ஏப்ரல் 28, இரண்டாம் பாகம், அதே கூட்டம். இந்தத் தடவை தம்பிக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். முதல் பாகத்தை நான்கு தடவை பார்த்துவிட்ட தெம்பில் தம்பி அவனுக்குச் சோழர் குடும்பத்தையே விளக்கிக்கொண்டிருந்தான். பாதி தப்பு. நான் வாயையே திறக்கவில்லை.