வாசகர் கேள்வி–பதில்: பள்ளிக்கரணை நிலத்தின் மதிப்பு என்ன?

கேள்வி: தென் சென்னையில் மனை விலை எட்டாத உயரத்தில் இருக்கும்போது, ஆயிரக்கணக்கான ஏக்கர் சதுப்பு நிலத்தைச் சும்மா போட்டு வைப்பது பொருளாதார நோக்கில் இழப்புதானே? (வாசகர், மதுரை)

பதில்: ஒரு நிலத்தின் சந்தை விலை என்பது, அந்த நிலம் தன் உரிமையாளருக்கு எதிர்காலத்தில் ஈட்டித் தரக்கூடிய பணத்தின் மதிப்பு. அந்த நிலம் பிறருக்குச் செய்யும் நன்மைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து வழிந்து வரும் மழைநீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் அருகே கடலுக்கும் மெல்ல மெல்ல அனுப்புகிறது. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பகுதி ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் சுமார் 1,247 கோடி லிட்டர். அதாவது அரை டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு, செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு. இவ்வளவு நீரைத் தேக்கும் ஏரி ஒன்றை இன்று அதே இடத்தில் நிலம் வாங்கி வெட்ட வேண்டுமானால் என்ன செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இழப்பு ஒரே நாளில் நேர்வதில்லை என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால், சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம் லிட்டர் நீர் நிற்கும் இடம் போய்விடுகிறது. வாங்கியவருக்கு இது அற்பமாகத் தோன்றும். அவர் ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால் இப்படியே ஆயிரக்கணக்கானோர் மேடாக்கியதாலும், பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டதாலும், சாலைகளும் நிறுவனங்களும் உள்ளே வந்ததாலும், தேங்க இடமில்லாத நீர் 2015இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பெரும்பாக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. மேடாக்கியதன் லாபம் விற்றவருக்குப் போயிற்று. செலவை ஏற்றவர்கள், பாழான கட்டிலையும் குளிர்பதனப் பெட்டியையும் தெருவில் தூக்கி வைத்த குடும்பங்கள். பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். இதை நான் அப்பட்டமான அநீதி என்றே சொல்வேன்.

கேள்வி: ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் சதுப்பு நிலத்துக்கு அருகே பட்டாவுள்ள மனை ஒன்று வாங்கினேன். இப்போது வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஊருக்கு நன்மை என்றால் அதன் செலவை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எல்லையும், சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறமான தாக்கப் பகுதியும் வரையறுக்கப்படும் வரை கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை தேவையானது என்றே கருதுகிறேன். ஆனால் எல்லையைப் புல எண் வாரியாக அளந்து முன்கூட்டியே வெளியிட்டிருந்தால், நீங்கள் பத்திரப்பதிவுக்கு முன்பே அதை அறிந்திருப்பீர்கள். வில்லங்கச் சான்றில் வெள்ள அபாயமும் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

சுமையைப் பகிர்வதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பைன்லாண்ட்ஸ் என்ற மணற்பாங்கான காட்டுப் பகுதி, அடியில் பெரும் நிலத்தடி நீர்வளம் கொண்டது. அதைக் காக்க 1980களின் தொடக்கத்திலிருந்து ஒரு முறை நடைமுறையில் உள்ளது. காக்கப்படும் பகுதியில் நிலம் வைத்திருப்பவர், தம்மால் பயன்படுத்த முடியாத கட்டட உரிமையை, வளர்ச்சிக்கென ஒதுக்கிய பகுதியில் கூடுதலாகக் கட்ட விரும்பும் நிறுவனத்துக்கு விற்கலாம். நிலம் அவரிடமே இருக்கும், நிரந்தரக் கட்டுப்பாட்டுடன். தமிழ்நாட்டிலும் சாலை விரிவாக்கம் போன்றவற்றுக்கு நிலம் தருவோருக்கு இதேபோலக் கட்டட உரிமையை வேறிடத்துக்கு மாற்றித் தரும் ‘மேம்பாட்டு உரிமை மாற்றம்’ வழங்க விதிகள் உள்ளன. அவற்றை நீர்நிலைகளைச் சுற்றியுள்ள நேர்மையான பட்டாதாரர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். ஒன்று மட்டும்: சதுப்புக்குள்ளேயே முறைகேடாகப் பட்டா பெற்றவர்களுக்கு இந்தச் சலுகை கூடவே கூடாது. கொடுத்தால், ஆக்கிரமிப்புக்கு நாமே பரிசு கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: பாதுகாப்புக்கான பணம் எங்கிருந்து வரும்? (வாசகர், ஈரோடு)

பதில்: பயன் பெறுவோரிடமிருந்து. கோஸ்டாரிகா 1996இல் இயற்றிய வனச் சட்டத்தின்படி, எரிபொருள் வரியின் ஒரு பங்கு, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் போய்ச் சேருகிறது. நியூயார்க் நகரம் 1997 உடன்படிக்கைக்குப் பின், பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, கேட்ஸ்கில் மலைப் பகுதியின் நீர்ப்பிடிப்பு நிலங்களை வாங்கியும் அங்குள்ள விவசாயிகளுக்கு உதவியும் வருகிறது. சென்னையில் கோவளம் வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகால்களுக்கு மட்டும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திட்டமிடப்பட்டது. அந்த அளவு தொகையில் ஒரு பகுதியை, அதே வடிநிலத்தில் இயற்கையாகவே நீரைத் தேக்கும் நிலத்தை மீட்கவும், அதைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஈடு செய்யவும் ஆண்டுதோறும் ஒதுக்குவதில் நிதித் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.