டைரி எழுத எழுத மனசு கனக்கிறதே, ஏன்?

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது, கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்ததும் நாலாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். பென்சிலைத் தொலைத்ததற்குக்கூடக் கத்தித் தீர்க்கிறேன். பிறகு குற்ற உணர்ச்சி அரிக்கிறது. எழுதினால் மனசு லேசாகும் என்றார்களே என்று படுக்கும் முன் டைரி எழுதுகிறேன். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்று ஆரம்பித்தால், சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி வரை போய் நிற்கிறது. அழுகை வருகிறது, தூக்கம் போகிறது, மறுநாள் கோபம் இன்னும் கூடுகிறது. நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

டைரியை நிறுத்த வேண்டாம். எழுதும் நேரத்தையும் கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள்.

நீங்கள் இப்போது செய்வது அசைபோடுதல். மனம் சோர்ந்திருக்கும்போது ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று திரும்பத் திரும்பக் குடைவது சோர்வை நீட்டிக்கும் என்பதை 1991-இல் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் விளக்கினார். அந்த ‘ஏன்’ உங்களைக் குற்றவாளிக் கூண்டில்தான் நிறுத்தும். அதுவும் படுக்கும் முன் கேட்டால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பொறுமை குறையும்.

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுதி முடியுங்கள். அலாரம் வைத்து 15 நிமிடம், அவ்வளவுதான். முதலில், நடந்ததை கேமரா பதிவு செய்ததுபோல எழுதுங்கள்: ‘7.20. பென்சில் இல்லை என்றான். கத்தினேன்.’ ‘பொறுப்பே இல்லாதவன்’ என்பது கேமராவில் விழாது. அடுத்து உடம்பு: தாடை இறுகியதா, நெஞ்சு படபடத்ததா, பசித்ததா? அதன் பிறகு உணர்வின் பெயரும், 0 முதல் 10 வரை அதன் அளவும். கடைசியாக, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று ஒரு வரி.

பெயர் வைப்பதில்தான் பலரும் தடுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்று எழுதினால் எதுவும் பிடிபடாது. களைப்பா, அவமானமா, இயலாமையா, பயமா? ‘அவன் என்னை மதிப்பதில்லை’ என்பது எண்ணம். ‘புண்பட்டேன்’ என்பதுதான் உணர்வு. உணர்வுக்குப் பெயர் சூட்டும்போது, ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைவதை 2007-இல் உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். இப்படிப் பெயர் வைப்பது நன்றாகப் பழகியபின், கத்துவதற்கு முன்பே தாடை இறுகுவது தெரிய ஆரம்பிக்கும். அந்த நொடியில் அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

பத்து நாள் எழுதியதும் மொத்தமாகப் படியுங்கள். தினமும் புரட்ட வேண்டாம். பெரும்பாலான சண்டைகள் வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தில், வெறும் வயிற்றில் நடந்திருந்தால், மாற்ற வேண்டியது உங்கள் குணத்தை அல்ல. ஏதாவது சாப்பிட்டு, கால்மணி நேரம் கழித்து வீட்டுப்பாடத்தில் உட்காருங்கள். ஒரே சமயத்தில் பல பழக்கங்களை மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாது.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள், சுருக்கமாக: ‘பென்சிலுக்காக நான் கத்தினது தப்பு.’ கூடவே ‘ஆனா நீயும்...’ என்று இழுத்தால் அது மன்னிப்பு ஆகாது.

அப்பாவின் அடியை இந்த டைரியில் கிளறாதீர்கள். பழைய காயங்களை எழுத உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வகுத்த முறை தனி: 15-20 நிமிடம், தொடர்ந்து மூன்று நான்கு நாள் மட்டும். எழுதியதும் கொஞ்ச நேரம் மனம் வாடுவது இயல்பு. எழுதினால் உடைந்துவிடுவோம் என்று பட்டால் அந்த விஷயத்தைத் தொடக்கூடாது என்பதும் அவர் சொன்னதே. உங்களுக்கு அழுகை தூக்கத்தையே கெடுக்கிறது என்பதால், அதை ஆலோசகர் ஒருவரின் துணையோடு பேசுவதுதான் சரி.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் குலைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.