பதில்: ஒன்பது மணிக்குக் கிளம்பினால் காஞ்சிபுரம் முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஐந்து பேர், காலை ஒன்பதுக்குக் கிளம்பி ஐந்து கோயில் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பலாம், ஆனால் பாதிக் கோயில் பூட்டிக் கிடக்கும். 12, 12.30 வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நானும் வண்ணாரப்பேட்டை நண்பர்களோடு அப்படிப் போய், வெயிலில் மதில் நிழல் தேடி உட்கார்ந்தவன்தான்.

விடிகாலையிலேயே பீச் ஸ்டேஷன் போய்விடுங்கள். நேர் வண்டி கிடைக்காவிட்டால் செங்கல்பட்டில் மாறலாம்.

முதலில் கைலாசநாதர். 1,300 வருஷப் பழசு, ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் 58 குட்டிச் சன்னதிகள். சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது, குனிந்து பாருங்கள். அவசரப்பட வேண்டிய இடமே இல்லை. அப்புறம் ஏகாம்பரநாதர், காமாட்சி. மதியம் சாப்பாடு, பட்டுக்கடை.

நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம், வரதராஜர். நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியை விட்டுவிடாதீர்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்ட கோயில் இட்லியும் கிடைத்தால் விடாதீர்கள். ஐந்தாவது கோயில்? நாலே போதும். கடைசி வண்டி நேரத்தை மட்டும் இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.